1987 அம்பாசடர்: ஊருக்குள் ஒழுங்கு, நெடுஞ்சாலையில் சூடு. ஹெட்டை இறக்கலாமா?

பள்ளத்தூர்மார்க்4

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1987 அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பச்சி வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி என்று பெரும்பாலும் பக்கத்து ஓட்டம்தான். சொந்தத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

பிரச்சினை இதுதான். காரைக்குடிக்குள் கல்லுக்கட்டி நெரிசலில் ஊர்ந்தாலும் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை. மதுரைக்குக் கிளம்பி 65, 70-ல் விட்டால் குன்றக்குடி வரை சரி, பிள்ளையார்பட்டி வளைவு தாண்டியதும் முள் ஏற ஆரம்பிக்கிறது. திருப்பத்தூருக்குள் நுழையும்போது சிவப்பைத் தொட்டுவிடும். வேகத்தை 40-க்குக் குறைத்தால் சிறிது நேரத்தில் தானாக இறங்குகிறது.

இதுவரை ரேடியேட்டர் கேப், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றும் புதிதாகப் போட்டாயிற்று. தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் "நம்ம வெயிலுக்கு வேண்டாம்" என்று பட்டறையில் கழற்றிவிட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. இப்போது "ஹெட் கேஸ்கட்தான் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள். கை வைக்குமுன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கத்திரி வெயில் தொடங்குமுன் முடித்தாக வேண்டும்.

புதுவயல்ரைடர்

ஹெட் கேஸ்கட் என்றால் ரேடியேட்டர் வாயில் குமிழி வருமே, அதைப் பார்த்தீர்களா? எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் ஹெட்டைத் தொடாதீர்கள். பழைய ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது.

பட்டறைவாசல்

தம்பி, நான் காரைக்குடியில் இந்த பி சீரிஸ் எஞ்சினோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன். ஹெட்டும் வேண்டாம், புது ரேடியேட்டரும் இப்போதைக்கு வேண்டாம். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஊர்ந்தால் சூடு இல்லை, ஓடினால் சூடு. ஹீட் ஏறும் வண்டி எது வந்தாலும் நான் முதலில் கேட்பது "எப்போது ஏறுது?" என்றுதான். அதைக் கேட்காமல் சாமான் மாற்றினால் பணம்தான் கரையும்.

வண்டி நின்றுகொண்டோ ஊர்ந்துகொண்டோ இருக்கும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை. ஃபேன், பெல்ட், ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் தகடு, ரேடியேட்டரின் நடுவிலுள்ள தேன்கூடு மாதிரியான பகுதியில் அடைந்த புழுதி இவற்றைப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப் மாற்றும்போது ஃபேனைத் திருப்பிப் பூட்டிவிடுவதும் உண்டு. இறக்கை சுற்றும், காற்று மட்டும் சரியாக வராது. ஓட்டம் பிடித்ததும் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் இந்த வண்டிகள் நெடுஞ்சாலையில் அடங்கிவிடும்.

உங்களுடையது நேர் எதிர். காற்று தாராளமாக அடிக்கும் வேகத்தில்தான் ஏறுகிறது. அப்படியென்றால் எஞ்சின் தரும் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போதுமான அளவு கொண்டுபோகவில்லை, அல்லது கொண்டுபோன சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை, அல்லது எஞ்சினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. இப்படி யோசித்தால் பார்க்க வேண்டியது சுருங்கிவிடும்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து போகும். இரண்டும் சேர்ந்தாற்போல ஏறினால் மீட்டர் பக்கம்தான் கோளாறு. ஐஆர் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அது ஆகாது. 42, 43 டிகிரிக்கு மேல் காட்டாது. பட்டறைக்கென்று விற்பதை வாங்குங்கள். பளபளக்கும் பித்தளையில் அது தப்பாகக் காட்டும் என்பதால் டேங்கில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.

இரண்டாவது, கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே கம்பிச் சுருள் ஒன்று இருக்க வேண்டும். அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், நிற்கும்போது நன்றாக இருக்கிற ஹோஸ் வேகத்தில் சப்பிப்போய்த் தண்ணீரை நிறுத்திவிடும். எஞ்சின் சூடானதும் ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அந்த ஹோஸைக் கவனியுங்கள். சேலை, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

மூன்றாவது, வண்டியைச் சூடாக ஓட்டிவந்து நிறுத்தி எஞ்சினை அணைத்தவுடன் ரேடியேட்டரின் முகத்தைத் துப்பாக்கியால் இடமிருந்து வலமாக அளந்து எழுதுங்கள். அம்பாசடரில் தண்ணீர் மேல் டேங்கிலிருந்து கீழ் டேங்குக்கு நேராக இறங்குகிறது. குழாய் அடைத்திருந்தால் குளிர்ந்த இடம் நெடுக்குப் பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

கேஸ்கட் சந்தேகத்துக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. விடிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகுமுன்பே, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. இறுகவில்லையென்றால் இப்போதைக்கு ஹெட்டைத் தொட வேண்டாம்.

கல்லல்டீசல்

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதை மட்டும் யாரும் குறை சொல்லிவிடாதீர்கள். என் மகிந்திரா ஜீப்பில் பல வருடமாக அது இல்லை, ஒரு கோளாறும் கிடையாது. ஊட்டிக் குளிருக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம். சிவகங்கை வெயிலில் எதற்கு?

ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் அதிவேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது என்றும் சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா?

பட்டறைவாசல்

கழற்றியதைக் குறை சொல்லத்தான் செய்வேன், அண்ணே. ஆனால் நீங்கள் கேட்ட காரணத்துக்காக இல்லை. தண்ணீர் வேகமாக ஓடினால் ஆறாது என்பது பட்டறைக்குப் பட்டறை உலவும் பேச்சு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு கூடுமே தவிரக் குறையாது. ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும் அதே தண்ணீர் அடிக்கடி வந்து போகிறதல்லவா?

உண்மையான காரணங்கள் வேறு. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வெயிலையோ குளிரையோ பார்ப்பதில்லை, எஞ்சின் தண்ணீரைத்தான் பார்க்கிறது. வெளியே 40 டிகிரி இருந்தாலும் காலையில் ஸ்டார்ட் செய்த எஞ்சினுக்கு அது குளிர்தான். பக்கத்து ஓட்டம் மட்டும் ஓடும் வண்டி தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டிய சூட்டுக்கே வராது. சோக்கும் பெட்ரோலும் கூடுதலாகப் போகும், எண்ணெயில் ஈரம் சேரும், சிலிண்டர் சுவர் தேயும். பைபாஸ் வழி உள்ள சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஒரு பகுதி தண்ணீர் ரேடியேட்டரையே எட்டிப்பார்க்காமல் திரும்பிவிடும், அதனாலேயே சூடேறும். அதோடு தெர்மோஸ்டாட் தரும் சிறு தடையால்தான் பிளாக்குக்குள் அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தம் இருந்தால்தான் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித் தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழி கட்டாமல் இருக்கும். பி சீரிஸ் ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களுக்கு நடுவில் ஒரே எக்ஸாஸ்ட் வாய். அந்த இடம் எப்போதுமே சூடு அதிகம்.

சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றி, தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். பாத்திரத்தின் அடியை அது தொடக்கூடாது. 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பித்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுவதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்காதது கெட்டது. மாற்றுங்கள், கழற்றி விடாதீர்கள்.

தேவகோட்டை800

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1996 மாருதி 800. எனக்கு அப்படியே தலைகீழ். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனபோது வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக்கொண்டு நடப்பவர்கள் பின்னாலேயே வண்டியை நகர்த்தினோம். அரை மணி நேரத்தில் கொதித்துவிட்டது. திரும்பும்போது 60-ல் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. அண்ணன் எழுதியபடி பார்த்தால் காற்று போதவில்லை, அப்படித்தானே?

பட்டறைவாசல்

அதேதான், ஆச்சி. 800-ல் மின்சார ஃபேன். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் ஒரு தெர்மோ ஸ்விட்ச் அதை ஓடவைக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டு முள் ஏறும்போது ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடவில்லையென்றால் அந்த ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் கெட்டது, மலிவான சாமான்தான். அப்போதும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர், மோட்டார் என்று வரிசையாகப் போக வேண்டும்.

இன்னொன்று. பிற்பாடு ஏசி மாட்டிய வண்டியா? ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சூடான காற்றை உள்ளே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் நம் செம்மண் புழுதியும் பூச்சியும் சேர்ந்து கம்பளம் மாதிரி படிந்துவிடும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் தேன்கூட்டுத் தகடு மடங்கிவிடும்.

தேவகோட்டை800

மிக்க நன்றி அண்ணே. ஏசி உண்டு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பள்ளத்தூர்மார்க்4

அண்ணன் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

காலையில் மேல் ஹோஸ் இறுகவில்லை, குமிழியும் இல்லை, எண்ணெய் சுத்தம். கீழ் ஹோஸில் சுருள் இருக்கிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் சப்பவில்லை. பெட்ரோல் முள் அசையாமல் நிற்கிறது.

திருப்பத்தூர் வரை ஓட்டி, சாலையோரப் புளியமரத்து நிழலில் நிறுத்தி அளந்தேன். மேல் டேங்க் 98, கீழ் டேங்க் 61. தேன்கூட்டில் ஃபேனுக்கு நேர் எதிரே 80-ஐ ஒட்டி. டிரைவர் பக்கத்து ஓரத்தில் ஏறத்தாழ நாலு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ் வரை 46, 48. அந்த இடத்தில் வெறுங்கையையே வைக்க முடிந்தது.

மறுநாள் குளிர்ந்தபின் கேப்பைத் திறந்து டார்ச் அடித்தேன். குழாய் வாய்களைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அதன்மேல் துருவின் செம்பழுப்பு. விரல் நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயர்கிறது. பிளாக்கின் பின்பகுதியில் இருக்கும் டிரெயின் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் முதலில் சேறு விழுந்தது, அப்புறம் களிமண் கரைசல் மாதிரி ஒரு திரவம், வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர். பட்டறையில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ரேடியேட்டர் அடிக்குழாயை மட்டும் திறந்துவிட்டார்கள் போல.

இத்தனை வருடமும் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். வெறும் தண்ணீர்தான், கூலண்ட் கிடையாது.

செம்பூரான்

போர் தண்ணீர் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவது, என் படிப்பும் பிழைப்பும். 1953-ல் செக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த நாளிலிருந்து மின்வேதியியல் பேசும் ஊர் காரைக்குடி. ஆனாலும் பெரும்பாலான ரேடியேட்டர்களில் நாம் ஊற்றுவது குளியலறைக் குழாய்த் தண்ணீர்தான்.

உங்கள் வண்டிக்குள் இரண்டு வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடானதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். சூடு அதிகமான இடத்தில் அதிகம் படியும் என்பதால் ரேடியேட்டரைவிட ஹெட்டுக்குள் நிலைமை மோசமாக இருக்கலாம். இந்தப் படிவு சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் படிந்தாலே உலோகத்தின் சூடு தண்ணீருக்கு வந்து சேர்வது தடைப்படும். அப்போது தண்ணீரை அளக்கும் முள் சரியென்று காட்டினாலும் ஹெட் கூடுதல் சூட்டில்தான் இருக்கும்.

இரண்டாவது, துரு. வார்ப்பிரும்பு பிளாக், பித்தளைக் குழாய், ஈயப் பற்று, சில இடத்தில் அலுமினியம், இவை அத்தனையும் உப்புக் கரைந்த ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால் உள்ளே ஒரு பேட்டரியே உருவாகிவிடும். வலு குறைந்த உலோகம் கரையும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரை ஊற்றும்போது புது உப்பும் புது ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. ஒழுகும் வண்டிக்கு அன்றாடம் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது இதனால்தான் கெடுதல்.

நம் ஊர் வீடுகளில் முற்றத்தில் விழும் மழையைப் பித்தளை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்கு அருமையானது. முதல் மழையை விட்டுவிட்டு, ஓடு நன்றாகக் கழுவியபின் வருவதைத் துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். மழை இல்லாத காலத்தில் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். ஊருணித் தண்ணீரும் போரைவிட மென்மைதான், ஆனால் கலங்கல் உண்டு.

ஆனால் சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் பாதி வேலைதான். சுண்ணாம்பு படிவது நின்றுவிடும், துருப்பிடிப்பது நிற்காது. கூலண்ட்டின் மதிப்பு அதிலுள்ள அரிமானத் தடுப்பானில்தான். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37. அந்தக் குளிர் நமக்கு வரப்போவதில்லை. தண்ணீரைவிடக் கிளைக்கால் சூட்டைச் சுமக்கும் திறன் குறைந்தது என்பதால், பாட்டிலில் அனுமதித்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்று கலப்பது இந்த வெயிலுக்கு நல்லது. அதற்குக் கீழே போனால் தடுப்பானின் அளவு போதாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பார்க்க நிறம் நன்றாக இருந்தாலும் சரி. தடுப்பான் தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியாது.

புதுவயல்ரைடர்

அப்படியானால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் முடிந்ததே? எங்கள் பக்கம் ஒரு கடையில் டாய்லெட் ஆசிட் ஊற்றிப் பத்து நிமிடத்தில் பளிச்சென்று எடுக்கிறார்கள்.

செம்பூரான்

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைப்பதோடு ஈயப் பற்றையும் பித்தளையையும் தின்னும். அன்று பளிச்சென்று இருக்கும், அடுத்த மாதம் பத்து இடத்தில் ஒழுகும். குளோரைடு உள்ளே தங்கிவிட்டால் அரிமானம் அதற்குப் பிறகும் தொடரும்.

பித்தளைச் சாமானைப் புளி போட்டு விளக்குவது போல மென்மையான அமிலம் போதும். சிட்ரிக் அமிலம் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் வடித்துவிட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். கடைசியில் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை கழுவி, மறுபடி வெறும் தண்ணீர். அலுமினிய ரேடியேட்டர் உள்ள புது வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள்.

பட்டறைவாசல்

இந்த வண்டிக்கு எலுமிச்சை உப்பு மட்டும் போதாது. முழுதாக அடைத்த குழாய்க்குள் தண்ணீரே போகாதபோது அமிலம் எப்படிப் போகும்? ரேடியேட்டரை இறக்கி, மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டையும் பற்றெடுத்துத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ராடு விடுவது என்பார்கள். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நன்றாகச் செய்பவர் திறந்ததும் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். கூட இருந்து பாருங்கள். அடைத்த குழாய்களின் வாயைப் பற்றுவைத்து மூடிவிட்டு "ஒழுகல் நின்றது" என்று கொடுக்கும் இடமும் உண்டு. மூடிய குழாய் ஒவ்வொன்றும் உங்களுக்கு நஷ்டம்.

பழைய தாமிர ரேடியேட்டரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 2014-ல் அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை நின்றபிறகு சந்தையில் கிடைப்பதெல்லாம் ஒரே தரமாக இல்லை. தகடு மெலிந்தும் குழாய் வரிசை குறைந்தும் வருகிறது.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே பிளாக்கை எதிர்த்திசையில் அலசுங்கள். மேலே தெர்மோஸ்டாட் இருக்கும் வாயில் தண்ணீர்க் குழாயை வைத்து, கீழ் ஹோஸ் வாய் வழியாகவும் பின்னால் உள்ள டிரெயின் குழாய் வழியாகவும் வெளியேறட்டும். அந்த டிரெயின் குழாயையே மரையோடு கழற்றிவிட்டால் வாய் பெரிதாகும், கம்பியை வளைத்து உள்ளே கிளறலாம். பின்பக்கம் 4-வது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு தங்கும்.

கேப்பையும் பாருங்கள். புதுக் கேப்பில் என்ன எண் போட்டிருக்கிறது? 7 என்றால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும், இந்த வண்டிக்கு அது போதும். அதிகம் இருந்தால் நல்லது என்று 13, 15 போட்டால் பழைய பற்று விட்டுவிடும்.

பள்ளத்தூர்மார்க்4

கேப் 7 தான் அண்ணே.

ரேடியேட்டர் வேலை முடிந்தது. திறந்தபோது கூடவே இருந்தேன். டிரைவர் பக்க ஓரத்துக் குழாய்கள் ஒன்றுவிடாமல் கல்லாகியிருந்தன. கம்பி இறங்க இறங்கப் பொடி கொட்டியது, கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. துப்பாக்கியில் நான் 46 பார்த்த அதே இடம். பிளாக்கும் அலசியாயிற்று, தெர்மோஸ்டாட் 82 புதிது போட்டேன், கூலண்ட் ஒன்றுக்கு இரண்டு.

இப்போது தனியாக ஓட்டினால் மதுரை வரை முள் நடுவிலேயே நிற்கிறது. மேல் டேங்க் 86, கீழ் டேங்க் 76. ஆனால் ஐந்து பேரும் சாமானும் ஏற்றி, மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் 75 பிடித்தால் முள் நடுவைத் தாண்டி மெதுவாக ஏறுகிறது. சிவப்புக்குப் போகவில்லை. எஞ்சின் இழுவையும் கொஞ்சம் மந்தம், சைலன்சர் பக்கம் கூடுதல் சூடு. இதை விட்டுவிடலாமா?

பட்டறைவாசல்

விடாதீர்கள். நான் முதலில் சொன்னதில் மூன்றாவது பாக்கி இருக்கிறது: எஞ்சினே கூடுதல் சூட்டை உண்டாக்குவது. இழுவை மந்தம், சைலன்சர் சூடு, இரண்டும் சேர்ந்தால் டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம், பின்தங்கியிருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. தீப்பொறி தாமதமானால் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் முழுதாக எரியாமல், எக்ஸாஸ்ட் வாய் வரை எரிந்துகொண்டே போகும். அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் வந்து சேரும்.

ஐடிலிங்கில் டைமிங் சரியாக இருந்தாலும் வேகத்தில் தானாக முன்னேற வேண்டும். அதற்கு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைக்கட்டியும் சிறு ஸ்பிரிங்கும், வெளியே வேக்குவம் டப்பாவும் இருக்கின்றன. கருவி இல்லாமலே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாமல் மரத்துப்போய் நின்றாலோ, திரும்பிய இடத்திலேயே தங்கினாலோ எடைக்கட்டி இறுகிவிட்டது. அடுத்து, கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் பிளாட்டினம் உட்காரும் தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கினால் டப்பாவின் சவ்வு கிழிந்திருக்கிறது.

கல்லல்டீசல்

ஹீட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் தொடர்பு உண்டு என்பது டீசல்காரனான எனக்குப் புதுச் செய்தி. எங்களுக்கு இதே இடத்தில் பம்ப் டைமிங் வரும் என்று நினைக்கிறேன். தெர்மோஸ்டாட் விஷயத்திலும் சொன்னது மனதில் பட்டது அண்ணே, என் ஜீப்புக்கு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர்மார்க்4

ரோட்டர் அசையவே இல்லை. மூடியும் பிளாட்டினமும் எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார்கள், அடித்தட்டைத் தூக்கி அதற்குக் கீழே யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. பழைய எண்ணெய் கறுப்புப் பிசினாகி எடைக்கட்டி இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் துள்ளுகிறது. வேக்குவம் டப்பா நன்றாக இருக்கிறது. டைமிங்கை லைட் போட்டுச் சரிசெய்து வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பச்சி, ஆத்தா, பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மதுரை. நல்ல உச்சி வெயில். திரும்பி வரும்வரை முள் நடுவைவிட்டு நகரவில்லை. மூன்றாவது கியரில் திணறிய இடத்தில் டாப்பிலேயே ஏறுகிறது. ஹெட் இறக்காமல் முடிந்தது. அப்பச்சி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள் அண்ணே.

தேவகோட்டை800

என் கணக்கும் தீர்ந்தது. தெர்மோ ஸ்விட்ச் நல்லது, ஃபேனின் எர்த் வயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த குப்பையைக் கழுவியதில் ஏசியும் நன்றாகக் குளிர்கிறது.

கோனாபட்டு1100

இழை முழுவதும் படித்தேன். என்னுடையது பிரீமியர் பத்மினி கார். ஓடும்போது முள் எப்போதும் நடுவில். ஆனால் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் முள் முக்காலுக்கு மேல் நிற்கிறது, எஞ்சினும் உடனே பிடிப்பதில்லை. இதுவும் அடைப்பா?

பட்டறைவாசல்

இல்லை தம்பி, முள் ஏறுவது இயல்பு. எஞ்சின் நின்றதும் பம்பும் ஃபேனும் நின்றுவிடும். ஹெட்டில் இருக்கும் சூடு நகராத தண்ணீருக்குள் இறங்கும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தால் கவலை வேண்டாம். வராமல் மேலேயே நின்றால் எழுதுங்கள்.

ஸ்டார்ட் ஆகாதது தனி விஷயம். அந்தச் சூட்டில் பெட்ரோல் பம்பிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல் பாதி வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்புறம் பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பாருங்கள். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கனமான பேக்லைட் துண்டு ஒன்று இருக்க வேண்டும். பம்ப் மாற்றும்போது அதை விட்டுவிட்டு வெறும் காகித பேக்கிங்கோடு பூட்டிவிடுகிறார்கள். இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ போடுங்கள்.